பாதி

ஒப்பந்தம் தட்டச்சு செய்வது என் தொழில்.
ஜார்ஜ்டவுன், பிஷப் தெரு, ஊய் வக்கீலின் மாடியறை,
இருபத்திரண்டு வருடம்.
முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு,
நடுவில் ஒரு காற்புள்ளி மாதிரி நான்.

இரு தரப்பும் விழித்திருக்க வேண்டும்.
பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சுருக்கொப்பம்,
சாட்சி, முத்திரை வரி.
இவை இல்லாத வாக்கு வாய்க்காற்று என்பார் ஊய்.
நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அருமைநாயகம் வந்தது ஒரு செவ்வாய், மழைக்கு முன்.
ஃபெரியில் கயிறு வீசிக் கட்டும் வேலை, முப்பத்தோரு வருடம்.
ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடியில் ஒரு வீடு.
கடைசித் தவணை போன மாதம் கட்டியாயிற்று.
"பாதி அவ பேருக்கு எழுதணும்.
கல்யாணத்தன்னிக்குச் சொன்னது.
அப்ப எங்கிட்ட பாதியாக்க ஒண்ணுமே இல்ல."

எங்கே அவர் மனைவி என்றேன்.
பொது மருத்துவமனையில்.
ஞானப்பூ கண் திறந்து ஒன்பது வாரம்.

தூங்குகிறவளின் கட்டைவிரல்
சட்டத்தின் முன் விரலே இல்லை.
சொன்னேன்.
"வாக்கு கொடுத்தது நான்தானே,
அவ எதுக்கு முழிக்கணும்?" என்றார்.
கோப்பை மூடினேன். மூடியபின் திறந்தேன்.

எபிரேயர்கள் உடன்படிக்கையைச் செய்வதில்லை,
வெட்டுவார்கள்.
ஞாயிறு வேதபாடத்தில் எப்போதோ கேட்டது.
ஊர் என்ற பேருள்ள ஊரை விட்டு
ஊரே இல்லாமல் அலைந்த ஒருவன்,
பிள்ளையில்லாதவன்,
கிடாரியை, வெள்ளாட்டை, செம்மறிக் கடாவை
நடுவே பிளந்து எதிரெதிரே வைத்தான்.
பறவைகள் இறங்க இறங்க விரட்டினான்.
பொழுது சாயும்போது அசந்துபோனான்.

துண்டுகளின் நடுவே நடப்பதுதான் கையெழுத்து.
மீறினால் எனக்கும் இந்தக் கதி
என்று காலால் எழுதுவது.
தூங்கியவனை யாரும் எழுப்பவில்லை.
புகைகிற ஒரு சூளை, ஒரு தீச்சுடர்,
அவை மட்டும் கடந்து போயின.
ஊய் பார்த்திருந்தால்
கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அதிலும் பொடியெழுத்து உண்டு.
நட்சத்திரங்களைப் பெரிதாகப் போட்டுவிட்டு
கீழே: நானூறு வருடம் அடிமைத்தனம்.
நான் அந்த வரியில் எப்போதும் நின்றுவிடுவேன்.
என் பூட்டனைக் கப்பலேற்றியதும் ஒரு துண்டு,
கங்காணி கொடுத்த கடன் துண்டு.
அதில் கட்டைவிரல் வைத்தது அவர் மட்டும்.
தரவேண்டியவர்கள் எங்கேயோ
நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளி மாலை மைப்பெட்டியோடு வார்டுக்குப் போனேன்.
போயிருக்கக் கூடாது, தெரியும்.
இரு பக்கமும் கட்டில்கள், நேருக்கு நேர்.
ஜன்னல் விளிம்பில் காகங்கள்.
அவர் துண்டை உதறி விரட்டினார்,
அவை உட்கார்ந்தன, மறுபடி விரட்டினார்.
பிறகு கஞ்சி சுடவைக்கப் போனார்.
அவளுக்கு உணவு குழாயில்தான்.
"வாசனையாவது போகட்டும்" என்றார் போகும்போது.

அந்நேரம் பார்த்து மின்சாரம் போனது.
யாரோ மலாயில் கடவுளைக் கூப்பிட்டார்.
எமர்ஜென்சி விளக்கு விழிக்குமுன்
கதவுப் பக்கமிருந்து
ஒரு கையில் ஆவி பறக்கும் பாத்திரம்,
மறுகையில் கைப்பேசியின் வெளிச்சம்,
கட்டில்களின் நடுவே
சிந்தாமல், மெதுவாக,
அவர் நடந்து வந்தார்.

மைப்பெட்டி என் பையிலேயே இருந்தது.
எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

கோப்பு என் இழுப்பறையில் இருக்கிறது.
இரண்டாம் தரப்பின் வரி காலி.
ஊய் கேட்டால் நிலுவை என்பேன்.

அன்றிரவு ஃபெரியில் மேல்தளத்தில் நின்றேன்.
வானம் மூடியிருந்தது, ஒரு நட்சத்திரமில்லை.
நீரிணையில் நங்கூரமிட்ட கப்பல்களின்
விளக்குகளை எண்ணினேன்.
பதினாலு வரை வந்தது.
அதில் ஒன்று நகர்ந்தது.
முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.